மரத்துல தொத்தியிருக்கறது எல்லாம் புல்லுருவி இல்ல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஊட்டி உறைபனி போட்டோ ஒன்னு வந்திருந்துச்சு, புல்வெளி மொத்தமும் உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா, கீழ செடிகள் கருகிப் போச்சுன்னு ஒரு வரி. அதைப் பார்த்துட்டு எங்க தெருவுல ஒருத்தர் வந்து, "சார், மலையிலயே இந்தக் கதின்னா நம்ம கொல்லை மாமரத்துல தொங்குதே அந்த ஆர்க்கிட், அது இந்தப் பனியைத் தாங்குமா, சாக்கு போட்டு மூடிடவா"ன்னு கேட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு நாலு வீடு தள்ளி இன்னொருத்தர் அதே செடியை புல்லுருவின்னு சொல்லி ஆள் விட்டு அரிவாளால சீவி குப்பையில போட்டுட்டாரு. இந்த ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் மன்னார்குடி பக்கம், பள்ளிக்கூடத்துல தாவரவியல் எடுத்து ரிட்டயர் ஆனவன், இப்ப கொஞ்சம் வயலும் கொல்லையும் பார்த்துக்கிட்டு இருக்கேன். பதினொன்னாம் கிளாஸ்ல தாவரவியல் படிச்ச எல்லாருக்கும் வாண்டாங்கற இந்த ஆர்க்கிட்டோட பேர் ஞாபகம் இருக்கும், தொற்றுவேருக்கு உதாரணம் எழுதுக, வாண்டா, ரெண்டு மார்க். வருஷா வருஷம் போர்டுல அந்தப் படத்தை வரைஞ்சு வெலமன் திசுன்னு அம்புக்குறி போட்டேன். அதே செடி பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இலுப்பை மரத்துல கொத்து கொத்தா இருந்துச்சு, ஒரு பிள்ளையைக்கூட கூட்டிக்கிட்டுப் போய் காட்டணும்னு எனக்குத் தோணலை. அது இன்னைக்கும் மனசுல உறுத்துது.

நம்ம டெல்டாவுல மா, இலுப்பை, புளி, பனைன்னு பழைய மரங்கள்ல இருக்கறது பெரும்பாலும் வாண்டா டெஸ்ஸலேட்டாதான். பட்டையா தடிச்ச இலை ரெண்டு பக்கமும் அடுக்கா, நுனி யாரோ கடிச்சு வச்ச மாதிரி இருக்கும். சித்திரை வைகாசியில பூ வரும், மஞ்சளும் காவியும் கலந்த இதழ்ல கட்டம் கட்டமா கோடு, நடுவுல ஊதா நாக்கு, கிட்டப் போனா நல்ல வாசனை. அந்தக் கட்டத்தை வச்சுத்தான் டெஸ்ஸலேட்டான்னு பேரே. பேர் வச்ச தாவரவியல் அறிஞர் ராக்ஸ்பர்க் 1795ல கொண்டுவந்த புத்தகம் கோரமண்டல் கரை தாவரங்களைப் பத்தினது, கோரமண்டல்னா வேற எதுவும் இல்ல, நம்ம சோழமண்டலம்தான். அதுக்கும் முன்னாடியே 1768ல, செடிகளுக்கு ரெட்டைப் பேர் வைக்கற முறையைக் கொண்டுவந்த லின்னேயஸோட மாணவர் கோனிக் டாக்டரா தரங்கம்பாடியில வந்து இறங்கி இந்தப் பக்கத்து செடிகளை சேகரிச்சவரு. அப்பேர்ப்பட்ட மண்ணுல உக்காந்துக்கிட்டு நாம இதை புல்லுருவிங்கறோம்.

புல்லுருவி வேற அய்யா. அது கிளைக்குள்ள வேரை இறக்கி மரத்தோட தண்ணியையும் சத்தையும் உறிஞ்சும், அது ஒட்டின இடத்துல கிளை முண்டு முண்டா வீங்கியிருக்கும், அதுக்கு மேல உள்ள கிளை நாளாக நாளாக காஞ்சு வரும். அதோட பழத்தை பூக்கொத்திக் குருவி தின்னுட்டு பிசுபிசுன்னு கொட்டையை அடுத்த கிளையில தேய்ச்சுட்டுப் போகும், அப்படித்தான் பரவும். மாமரம் வச்சிருக்கறவன் புல்லுருவியை வெட்டத்தான் வேணும், நானும் வெட்டறேன். ஆர்க்கிட் அப்படி இல்ல. விரல் தடிமன்ல வெளுத்த வேரு பட்டைக்கு மேல படுத்து ஓடும், நகத்தால மெதுவா நெம்பிப் பாருங்க, கீழ பட்டை அப்படியே முழுசா இருக்கும், ஒரு ஓட்டை இருக்காது. மரத்துக்கிட்ட அது கேக்கறது உக்கார இடம் மட்டும்தான். அரிவாளை எடுக்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு சோதனையை பண்ணிப் பாருங்கன்னு எல்லாரையும் கேட்டுக்கறேன்.

இப்ப பனிக்கு வர்றேன். சாக்கு போட்டு மூடவான்னு கேட்டாரே, அவருக்கு நான் சொன்னது, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை அந்த வேரைப் போய் பாருங்க, அப்புறம் நீங்களே சொல்லுங்கன்னு. பார்த்துட்டு வந்தாரு. காலைல வேரு பச்சையா இருக்கு சார், பத்து மணிக்கு சாம்பல் பூசின மாதிரி வெளுத்துடுச்சுன்னாரு. அதுதான் விஷயம். வேருக்கு மேல வெலமன்னு ஒரு செத்த செல்களோட அடுக்கு, ஸ்பாஞ்சு மாதிரி. காஞ்சிருக்கும்போது உள்ள காத்து நிறைஞ்சு வெள்ளையா தெரியும், ஈரம் பட்ட நிமிஷத்துல உறிஞ்சிக்கிட்டு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்கற பச்சை வெளிய தெரியும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு நம்ம பெரியவங்க சொன்ன அதே பனிதான். ஐப்பசி கார்த்திகை அடைமழை நின்னதுக்கப்புறம் மாசக்கணக்குல நம்ம பக்கம் பெருசா மழை கிடையாது, மண்ணுல வேர் இல்லாத செடிக்கு வாய்க்கால் தண்ணியும் எட்டாது, ராத்திரி இறங்குற பனிதான் கைகொடுக்கும். அதைப் போய் சாக்கு போட்டு மறைச்சா எப்படி.

இலையும் அதுக்கு ஏத்த மாதிரிதான். தடிச்ச இலை, மேல மெழுகு பூச்சு, பகல்ல இலைத்துளையை மூடிக்கிட்டு ராத்திரி காத்து குளுமையா ஈரமா இருக்கறப்பதான் திறந்து மூச்சு வாங்கும், கள்ளி, கத்தாழை பண்ற அதே வித்தை. பனி மாசத்துல வளர்ச்சியை நிறுத்திடும். புது இலை வராது, வேர் நுனியில பச்சையா ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்குமே, அது மூடிக்கிட்டு வெளுத்துடும். செத்துடுச்சுன்னு நினைச்சுடாதீங்க, அது தூங்குது. சில மரத்துல வெயில் நேரா படுற பக்கம் இலை செம்பருத்திச் சாறு தடவினாப்ல ஊதாச் சிவப்பா மாறும், குளிரும் வெளிச்சமும் சேர்ந்தா செடி தானா உண்டாக்கிக்கற நிறம் அது, உள்ள இருக்கற பச்சையம் கெடாம காப்பாத்திக்கறதுக்கு. பங்குனி வந்தா தானா பச்சைக்குத் திரும்பிடும்.

நம்ம ஊர்ல தை மாசத்துல எவ்வளவு குளிர்னாலும் இருபது டிகிரி, ரொம்பப் போனா ஒன்னு ரெண்டு குறையும், அவ்வளவுதான், உறைபனிங்கற பேச்சே கிடையாது. இதே வாண்டாவை கொண்டுபோய் ஊட்டி புல்வெளியில வச்சா ஒரே ராத்திரியில குருத்து கருகிடும், அதையும் சொல்லிடணும். உறைபனியில செடி எப்படி சாகுதுன்னா, இலைக்குள்ள செல்லுக்கு வெளிய இருக்கற தண்ணி முதல்ல கட்டியாகும், அது உள்ள இருக்கற தண்ணியை வெளிய இழுக்கும், செல் வத்திப் போகும், இன்னும் இறங்கினா உள்ளயே ஊசி ஊசியா பனிக்கட்டி நின்னு சவ்வைக் கிழிச்சுடும். வெயில் வந்து உருகினதும் இலை வெந்த கீரை மாதிரி தொங்கிடும். குளிருக்குப் பழகின செடிங்க முன்கூட்டியே செல்லுக்குள்ள சர்க்கரையைச் சேர்த்து வச்சுக்கும், உப்புத் தண்ணி சீக்கிரம் உறையாதில்லையா, அதே கணக்கு.

அப்ப மலையில இருக்கற காட்டு ஆர்க்கிட் எப்படி பிழைக்குதுன்னு நீங்க கேக்கணும். அங்கதான் எனக்கு ஆச்சரியமே. நீலகிரியில புல்வெளியில தரையில முளைக்கற ஆர்க்கிட் நிறைய, ஹபனேரியா, சட்டீரியம் இதெல்லாம். மழையில இலை விட்டு பூத்து காய்ச்சு, மார்கழி உறைபனி பிடிக்கறதுக்குள்ள மேல இருக்கறதை எல்லாம் காயவிட்டுடும். மண்ணுக்குள்ள கிழங்கு மட்டும். அதுவும் போன வருஷத்துக் கிழங்கு சுருங்கிக்கிட்டே போக பக்கத்துலயே புதுசா ஒன்னு உருண்டு நிக்கும், அடுத்த வருஷ முளை அதுல ரெடி. மேல புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடந்தாலும் நாலு விரல்கடை கீழ மண்ணு வெதுவெதுப்பை விடாது. உங்க போட்டோவுல கருகின அந்தப் புல்வெளிக்கு அடியில எத்தனை கிழங்கு இருக்கோ யாரு கண்டா. மரத்து மேல இருக்கற மலை ஆர்க்கிட்டுங்க சோலைக்காட்டுக்குள்ள நிழல்ல இருக்கும். ராத்திரி வானம் தெளிவா இருந்தா வெட்டவெளித் தரை சூட்டை எல்லாம் மேல விட்டுடும், குளிர்ந்த காத்து கனமா இருக்கறதால பள்ளத்துல போய் குட்டை மாதிரி தேங்கும், அதான் பள்ளப் புல்வெளி வெளுத்துப் போகுது, பக்கத்துல சோலைக்குள்ள தழைக் கூரை சூட்டை பிடிச்சு வச்சுக்கறதால உறைபனி பெருசா நுழையறதில்ல. கூரை போனா எல்லாம் போச்சு.

தூரதேசத்துலயும் இதே கதை வேற வேற மாதிரி. அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல 2010 ஜனவரியில பன்னெண்டு நாள் விடாம குளிர் பிடிச்சுது, கடல்ல பவளப்பாறையும் மனாட்டிங்கற கடல்பசுவும் ஏகமா செத்துப் போச்சு, அவ்வளவு மோசம். அந்த ஊர்ல பேய் ஆர்க்கிட்னு ஒன்னு, இலையே கிடையாது, வேரு மட்டும் மரத்துல நட்சத்திரம் மாதிரி ஒட்டிக்கிட்டு வேராலயே சமைச்சு சாப்பிடற செடி. குளிர் தாங்காது. ஆனா அது இருக்கறது சதுப்புக் காட்டுல தேங்கின தண்ணிக்கு மேல, தண்ணி பகல் சூட்டை ராத்திரி மெல்ல மெல்ல விடும், அந்த ஆவி மூட்டத்துல சுத்துப்பக்கம் எல்லாம் உறைஞ்சாலும் அந்த இடம் தப்பிச்சுக்கும். இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பாயி ஞாபகம்தான் வந்துச்சு. மார்கழி விடியக்காலம் குளத்துக்குப் போக நாங்க நடுங்கினா, இறங்குடா, வெளியதான் குளிரு, தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்னு சொல்லும், இறங்கினா அப்படித்தான் இருக்கும், மேல ஆவி பறக்கும். எங்க பக்கம் பாமணி ஆத்தங்கரை மரத்துலயும் குளத்தங்கரை மரத்துலயும் ஆர்க்கிட் செழிப்பா இருக்கு, அதே மேட்டுத்தெரு மரத்துல வத்தலா இருக்கு, தண்ணிதான் காரணமா இருக்கும்னு என் எண்ணம்.

அமெரிக்காவுலயே வடக்கே போனா கிரேன்ஃப்ளை ஆர்க்கிட்னு ஒன்னு, கோடையில இலையே இல்லாம பூக்கும், எல்லா மரமும் இலையை உதிர்த்து மொட்டையா நிக்கற குளிர்காலத்துலதான் ஒத்தை இலை விடும், மேல பச்சை, திருப்பிப் பார்த்தா அடி முழுக்க ஊதா. மரத்து நிழல் இல்லாத நாலு மாசத்து வெயிலை தனக்குன்னு எடுத்துக்குது. அதுக்கும் வடக்கே பஞ்சு மாதிரி பனிக்கட்டி (ஸ்நோ) கொட்டுற இடத்துல லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் எல்லாம் அடுத்த வருஷ முளையை மண்ணுக்குள்ள மூடி வச்சுக்கிட்டு பனிக்கட்டிக்கு அடியில கிடக்கும். பனிக்கட்டி விழுந்தா செத்துடும்னு நாம நினைப்போம், ஆனா அதுக்குள்ள காத்து அடைஞ்சிருக்கறதால அது கம்பளி மாதிரி, மேல எவ்வளவு இறங்கினாலும் கீழ மண்ணு அந்த அளவுக்கு இறங்காது. பனிக்கட்டி விழாத வறட்டுக் குளிர்தான் அதுக்கு ஆபத்து.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம வரப்புக்கே வாங்க. தை மாசம் சம்பா அறுவடைக்கு முன்னாடி வாய்க்கால் கரையில ஈரப்புல்லுக்குள்ள ஒரு சாண் உசரம்கூட இல்லாம செம்மண் நிறம் ஓடின இலையோட, உச்சியில வெள்ளையா பொடிப்பொடியா பூ, ஒவ்வொரு பூவுலயும் மஞ்சள் நாக்கு, உத்துப் பார்த்தாதான் தெரியும். ஸூக்சைன்னு பேரு, அதுவும் ஆர்க்கிட்தான். மத்தது எல்லாம் பனிக்கு ஒளிஞ்சுக்கும்போது இது பனி மாசத்தைத்தான் தேடி வந்து பூக்கும், விதை கொட்டினதும் போயிடும். ஆசியாவுலேர்ந்து எப்படியோ போய் 1930கள்லேர்ந்து ஃப்ளோரிடா புல்தரை எல்லாம் முளைச்சுக்கிட்டு இருக்கு, அவ்வளவு கெட்டிக்காரச் செடி. நம்ம வரப்புல களைக்கொல்லி தெளிக்கறோமே, அதுல இதுவும் போயிடுது. எங்க கரையில மூணு வருஷம் முன்னாடி பார்த்தேன், அப்புறம் பார்க்கலை.

இப்ப என் தப்பையும் சொல்லணும். 2018 நவம்பர் 16 கஜா அடிச்ச ராத்திரி எங்க கொல்லையில அஞ்சு மரம் சாஞ்சுது. தென்னையை விடுங்க, அந்தக் கணக்கை டெல்டாவுல யாரும் மறக்கலை. எங்க தாத்தா வச்ச ஒட்டு இல்லாத நாட்டு மாமரம் ஒன்னு வேரோட பேர்ந்து கிடந்துச்சு, அது மேல பதினேழு ஆர்க்கிட். கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, அந்த நேரத்துல செடியைப் பார்க்கறியான்னு வீட்ல சத்தம் போட்டாங்க, இருந்தாலும் மரத்தை அறுக்க ஆள் வர்றதுக்கு முன்னாடி பட்டையோட பேர்த்து எடுத்து நின்ன இலுப்பையில தென்னை நார் வச்சு கட்டினேன். அதுவரைக்கும் சரிதான். அதுக்கப்புறம் பாவம் வேர் அறுந்திருக்கேன்னு மார்கழி முழுக்க சாயங்காலம் சாயங்காலம் குடத்துத் தண்ணியை மேலேர்ந்து ஊத்தினேன். ராத்திரி பூரா குருத்துக்குள்ள தண்ணி நிக்க, மேல பனியும் இறங்க, தை பிறக்கறதுக்குள்ள ஆறு செடியில நடுக்குருத்து கறுப்பா அழுகி, பிடிச்சு இழுத்தா கையோட வந்துச்சு, மீன் நாத்தம். முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் கையால ஆறு செடி போச்சு. வாண்டாவுக்கு ஒரே குருத்துதான், அது போனா மேல வளராது, அதிர்ஷ்டம் இருந்தா அடித்தண்டுலேர்ந்து பக்கக் கன்னு விடும், ஆறுல ரெண்டு அப்படி விட்டுச்சு. தண்ணி ஊத்தாம விட்ட செடி ஒன்னுகூட சாகலை. பனி மாசத்துல தண்ணி ஊத்தியே தீரணும்னா காலைல வெயில் ஏறினப்புறம் வேருல மட்டும் தெளிங்க, குருத்துல ஊத்தாதீங்க, ராத்திரி வேண்டவே வேண்டாம்.

அதனாலதான் சொல்றேன், குளிருக்கு அதுக்கு வழி தெரியும், அரிவாளுக்கும் ஜேசிபிக்கும்தான் வழி கிடையாது. ரோடு அகலப்படுத்தறோம்னு பழைய புளியமரம் போகுது, கோயில் நந்தவனத்துல சுத்தம் பண்றோம்னு மரத்தைச் சுரண்டி அடியில சுண்ணாம்பு அடிக்கறாங்க, இன்னொரு பக்கம் அழகா இருக்கேன்னு பிடுங்கிக்கிட்டுப் போய் மாடியில தொட்டியில மண்ணு போட்டு நடறாங்க, மண்ணுல நட்டா வேருக்கு காத்து இல்லாம அழுகித்தான் போகும். இதோட விதை தூசி மாதிரி, ஒரு காய்ல லட்சக்கணக்குல இருக்கும், ஆனா உள்ள சாப்பாடே கிடையாது, பட்டையில இருக்கற ஒரு பூஞ்சை வந்து ஊட்டினாதான் முளைக்கும். இதை 1899லயே பிரான்ஸ்ல நோயல் பெர்னார்ங்கறவர் கண்டுபிடிச்சாரு. அந்தப் பூஞ்சை இருக்கறது பழைய சொரசொரப்பான மரப்பட்டையில, நாம புதுசா நட்ட மரத்துல அது வர எத்தனை வருஷமோ. ஆர்க்கிட் ஆசை இருந்தா நர்சரியில திசு வளர்ப்புல வந்தது விக்குது, வாங்கி வளருங்க, காட்டுல இருக்கறதை விட்டுடுங்க.

மரம் போயே ஆகணும்னா செடியையாவது மாத்திடலாம், பெரிய வேலை இல்ல. முதல் நாள் வேரை நல்லா நனைச்சு விட்டா ரப்பர் மாதிரி வளையும், உடையாது. பட்டையோட சேர்த்து சீவி எடுக்கணும், அதே உயரத்துல அதே திசை பார்த்து சொரசொரப்பான மரத்துல வாழைநாரோ தென்னை நாரோ பழைய வேட்டிக் கிழிசலோ வச்சுக் கட்டணும், செம்புக்கம்பி ஆகாது, விஷம். ஆடியிலேர்ந்து ஐப்பசிக்குள்ள கட்டினா அந்த மழையிலயே வேர் பிடிச்சுக்கும்.

எங்க ஊருக்கு வர்ற ஆத்தங்கரை ரோட்டுல இப்ப பதினோரு மரத்துக்கு சிவப்பு பெயிண்ட்ல நம்பர் போட்டுட்டாங்க. அதுல 3, 4, 8, 10 இந்த நாலு மரத்துல ஆர்க்கிட் இருக்கு, எட்டாம் நம்பர் இலுப்பையில மட்டும் இருபதுக்கு மேல, நான் எண்ணிட்டு வந்தேன். மரத்தை விடுங்கன்னு கேட்டு மனு கொடுத்திருக்கேன், பதில் இல்ல. அறுக்கத்தான் போறாங்கன்னா எந்தத் தேதின்னு மூணு நாள் முன்னாடி யாராவது சொன்னா போதும், ஏணி என்கிட்ட இருக்கு, பழைய மாணவர்கள் நாலு பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. தேதி இழுத்துக்கிட்டே போகாம, இந்த மாசத்துக்குள்ள தெரிஞ்சா நல்லது, ஏன்னா எட்டாம் நம்பர்ல ஒரு செடியில போன வருஷத்துக் காய் இன்னும் வெடிக்காம இருக்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி வட்டம்